மீனுக்கு என்ன கலர் அடிச்சீங்க

இல்லம்மா, இந்த டப்பா வேணாம். இதுல பச்சையே மூணுதான் இருக்கு. எனக்கு ஆறு பச்சையாவது வேணும். எழுபத்திரண்டு பென்சில் வருமே, தகர டப்பாவுல, அது இருக்கா? ஆங், அதேதான். மாடியில இருக்கா? சரி, உங்க வீட்டுக்காரரை மெதுவாவே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மெதுவான்னா ரொம்ப மெதுவா வேணாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள ஒரு புக்கு முழுக்க நான் கலரடிச்சு முடிச்சாகணும், அதான் பறக்கறேன்.

பேரப்புள்ளைக்கு இல்லம்மா, எனக்குத்தான். சிரிப்பு வந்தா சிரிச்சுடுங்க, எதுக்கு அடக்குறீங்க? அறுபத்தி நாலு வயசு ஆளு கலர் பென்சில் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது, என் வீட்டுக்காரியே சிரிச்சவதான். பெரியவங்களுக்குன்னே கலரடிக்கற புக்கு வருதே, பொடிப்பொடியா கோடு போட்டு, ஒரு பூவுக்குள்ள நாப்பது இதழு வெச்சு. நீங்களே விக்கிறீங்க, அதோ அந்தக் கம்பியில தொங்குது பாருங்க, அட்டையில ஆமை போட்டது. அதேதான் என்கிட்டயும் இருக்கு. எம் பொண்ணுகிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கணும். நாளைக்கு ரெண்டையும் ஒண்ணா வைக்கப் போறோம். போட்டியா? அய்யே, போட்டி எல்லாம் இல்ல. கண்காட்சியும் இல்லம்மா, வீட்டு விஷயம்.

கலரைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லவேணாம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. பெயிண்ட் கடையில நாப்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான். கலர் கலக்குறதுதான் வேலை. வெள்ளையில மட்டும் பதினேழு வெள்ளை இருக்கு, தெரியுமா? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சண்டையோடவே கடைக்குள்ள வருவாங்க. அவரு இதான் வெள்ளைன்னுவாரு, அந்தம்மா இது அழுக்குன்னும். நடுவுல நான். ஒரு சொட்டு மஞ்சள், அரைச் சொட்டு கறுப்பு விட்டு ஒரு கலக்கு கலக்கிக் காட்டுவேன், ரெண்டு பேரும் தலையாட்டிட்டுப் போவாங்க. ஊருல இருக்குற ஜோடிக்கெல்லாம் சமாதானம் பண்ணி வெச்சவன். எம் பொண்ணுகிட்ட போன்ல மூணு நிமிஷம் ஒழுங்காப் பேசத் தெரியாது எனக்கு.

நெசமாத்தான் சொல்றேன். சாப்டியான்னு கேப்பேன். சாப்டேன்னுவா. என்ன சாப்டேன்னு கேப்பேன். ஏன்பா போலீஸ் விசாரணை பண்றீங்கன்னுவா. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, டக்குனு போனை வெச்சிடுவா. அதோட பதினஞ்சு நாள் பேச்சு கிடையாது. ரெண்டு பேருக்கும் மூக்குக்கு மேல கோவம். அவங்கம்மாதான் நடுவுல கெடந்து அல்லாடுவா.

அப்புறம் எம் பொண்ணுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு. ஆமா... அந்த வியாதிதான். பேரைச் சொல்ல எனக்கு வாய் வர்றதில்லம்மா. வாரா வாரம் வியாழக்கிழமை மருந்து ஏத்தணும். ஆஸ்பத்திரியில ஒரு சாய்வு நாற்காலி, இடது கையில ஊசி, மூணு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கணும். வலது கை சும்மா இருக்கும். வலிகூடப் பரவாயில்லப்பா, அந்தச் சும்மா இருக்குற கை இருக்கே, அதான் கண்டதையும் நெனைக்க வைக்குதுன்னு சொன்னா. அங்க வேலை பாக்குற நர்ஸு ஒண்ணு இந்தப் புக்கைக் குடுத்திருக்கு. வெறும் கலர் மட்டும் அடிச்சா பத்து நிமிஷத்துல சலிச்சுடும், கூடவே உனக்குப் புடிச்சது ஏதாவது ஒண்ணைச் சேத்துக்கோன்னு யோசனையும் சொல்லியிருக்கு. நல்ல பொண்ணு அது.

எம் பொண்ணு விடுவாளா? எதையும் அரைகுறையாச் செய்யமாட்டா. மொதல்ல பாட்டைச் சேத்துக்கிட்டா. வேகமான பாட்டு வந்தா கை கோட்டைத் தாண்டிடுதுன்னு அதை விட்டுட்டா. அப்புறம் காதுல கதை கேட்டா. கொலைக் கதை. யாரு கொலைகாரன்னு தெரியுற நேரத்துல பட்டாம்பூச்சி ரெக்கை முழுக்க கறுப்பாயிடுச்சாம். அப்புறம் வேற ஏதோ பாஷை படிக்கறேன்னு ஆரம்பிச்சா. ஒரு இலைக்கு ஒரு வார்த்தை. அந்த இலையை அடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்த வார்த்தை மனப்பாடம் ஆயிடணும். ஒரு மரம் முடிஞ்சா எழுபது வார்த்தைப்பான்னு பெருமையாச் சொல்லுவா. நல்லா இருக்குல்ல? நீங்ககூடச் செஞ்சு பாக்கலாம், கடையில கூட்டமில்லாத நேரத்துல. எனக்கென்ன, உங்க சரக்கை உங்ககிட்டயே விக்கறேன்.

அதுக்கப்புறம்தான் என்னைச் சேத்துக்கலாம்னு அவளுக்குத் தோணியிருக்கு. அதே புக்குல ஒண்ணு, அதே பென்சில் டப்பா ஒண்ணு, ரெண்டும் எனக்குப் பார்சல்ல வந்துச்சு. உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சும்மா, அதைப் பாத்துட்டுதான் விசாரிச்சு இங்க வந்தேன். உள்ள ஒரு துண்டுச்சீட்டு. அப்பா, வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு நான் கூப்பிடுவேன், ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத் தொறந்து வெச்சுக்கலாம், கை வேலை பாத்துக்கிட்டிருந்தா வாய் சண்டை போடாதுன்னு எழுதியிருந்தா.

எப்படி இருப்பாளா? ஒல்லியா, ஒசரமா, தலையில துணி கட்டிக்கிட்டு... அட, பாத்திருக்கீங்களா நீங்க? ஒத்தை ஒத்தை பென்சிலா வேணும்னு வந்து நிப்பாளா? அவதாம்மா, அவளேதான்! மூணு வாரமா ஆளைக் காணோமா? ம்... வெளிய வரல. ஏம்மா, மேல ஏதோ சத்தம் கேக்குதே, எடுத்துட்டாரா? இல்லையா. சரி.

நீங்க நம்பமாட்டீங்க, அவ சொன்னது அப்படியே பலிச்சுது. மொத வியாழக்கிழமை முக்கால் மணி நேரம் பேசினோம். சண்டையே இல்ல! எனக்கே ஆச்சரியம். அடுத்த வாரம் ஒண்ணரை மணி நேரம். இலைக்கு என்னப்பா அடிக்கிறீங்கன்னு கேப்பா. பாசி பிடிச்ச பச்சைன்னு சொல்லுவேன். தண்டுக்குன்னு கேப்பா, மூங்கில் மஞ்சள்னுவேன். எனக்குத்தான் கலரு வாயில வந்து கொட்டுமே. நடுநடுவுல மனசுல இருக்கறதெல்லாம் சொல்லுவா. பத்தாவது படிக்கறப்போ மார்க் ஷீட்ல நானே உங்க கையெழுத்தைப் போட்டேன்பான்னு ஒரு நாள் சொன்னா. நேருல சொல்லியிருந்தா குதிச்சிருப்பேன். அன்னிக்கு, நல்லா போட்டியான்னு மட்டும் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

ஒரு தடவை ஆமை பக்கம். மெதுவா, அப்பா, எனக்குப் பயமா இருக்குன்னா. நான் பாட்டுக்கு, ஆமை ஓட்டுக்கு என்ன கலர்ம்மா அடிச்சேன்னு கேட்டுட்டேன். பாருங்க, எப்பேர்ப்பட்ட முட்டாள்! ஆனா அவ கோவிச்சுக்கல. இன்னும் அடிக்கலப்பா, நீங்க சொல்லுங்கன்னா. மழை வர்றப்போ வானம் இருக்குமே, அந்தச் சாம்பல்னு சொன்னேன். சரிப்பான்னா. அப்புறம் கொஞ்சம் அழுதா, நானும் இந்தப் பக்கம் அழுதேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சமாதானப்படுத்தல. எங்க வீட்டுல அதுவரைக்கும் அப்படி யாரும் அழுததே இல்லம்மா.

ஒரு நிமிஷம், போன் வருது. என் மச்சினன். எங்க போய்த் தொலைஞ்சீங்கன்னு கத்துவான். இருக்கட்டும், எடுத்தா இப்பவே வரச் சொல்லுவான்.

வந்துடுச்சா? குடுங்க குடுங்க, பிரிச்சுப் பாத்துக்கறேன். நன்றி ஐயா, மாடி ஏறவெச்சுட்டேன். ம், செங்கல் சிவப்பு இருக்கு. சாம்பல் ரெண்டு. பாசிப் பச்சை இதுவா அதுவா? இருங்க, அவ புக்கைப் பாத்துட்டுச் சொல்றேன். இந்தப் பைக்குள்ளதான் ரெண்டும் இருக்கு. பத்திரம்மா, இது அவளோடது. ஈரக்கை ஏதும் படவேணாம். பாருங்களேன், எவ்வளவு அழகா அடிச்சிருக்கா. ஒரு இடத்துல கோட்டைத் தாண்டியிருக்காளா? கீழ பாருங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் பொடி எழுத்துல எழுதி வெச்சிருக்கா. அப்பா, இலை பாசிப் பச்சை. அப்பா, தண்டு மூங்கில் மஞ்சள். நான் போன்ல சொன்னது அத்தனையும் எழுதி வெச்சுக்கிட்டு, அவ புக்குலயும் அதே மாதிரி அடிச்சிருக்கா. ரெண்டு புக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு. முப்பத்தியோரு வாரம், முப்பத்தியோரு பக்கம். எனக்கு இது இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்.

என் புக்கா? அது... இதாம்மா.

ஆமா. புரட்டுங்க, புரட்டிக்கிட்டே போங்க. எல்லாப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். மொதப் பக்கத்துல மட்டும் ஒரே ஒரு இதழு, இதோ, பாதி ரோஸ். அதுக்கு மேல அடிக்கல.

ஏன்னு கேட்டா என்னம்மா சொல்றது? மொத நாள் உக்காந்தேன். பென்சிலைப் புடிக்கவே வரல, கோட்டைத் தாண்டிப் போச்சு. என் வீட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, ஸ்கூல்ல சேத்து விடட்டுமான்னு கேட்டுச் சிரிச்சா. அவ விளையாட்டாத்தான் சொன்னா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. ஊருல இருக்குற வீட்டுக்கெல்லாம் கலர் கலந்து குடுத்த கை இது, குழந்தைப் புக்குல கிறுக்கணுமான்னு மூடி அலமாரி மேல போட்டுட்டேன். பென்சில் டப்பாவை மேல் வீட்டுப் பசங்களுக்குக் குடுத்துட்டேன். அப்புறம் அவ போன் பண்ணி, அப்பா, பூவுக்கு என்ன கலர்னு ஆசையாக் கேட்டப்போ, அடிக்கலன்னு சொல்ல வாய் வரல. வாய்க்கு வந்த கலரைச் சொன்னேன். ஒரு வாரம்தானேன்னு நெனைச்சேன். அடுத்த வாரமும் கேட்டா.

அந்த நேரத்துல நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேளுங்க. டிவியில சத்தத்தைக் குறைச்சு வெச்சுட்டு கிரிக்கெட் பாத்துக்கிட்டிருந்தேன். நகம் வெட்டுவேன். செருப்பு துடைப்பேன். அவளுக்கு ரெண்டு வேலை, கலரடிக்கறதும் என்கூடப் பேசுறதும். எனக்கும் ரெண்டு வேலை, டிவி பாக்கறதும் பொய் சொல்றதும். ஆனா ஒண்ணு சொல்றேன்மா, பேச்சுல பொய் இல்ல. வியாழக்கிழமை ரெண்டு மணி எப்ப வரும்னு ஞாயித்துக்கிழமையிலேர்ந்தே காத்துக்கிட்டிருப்பேன். அது சத்தியம்.

இதோ, இந்த மீனைப் பாருங்க. ஒன்பதாம் பக்கம். மீனுக்கு என்ன கலர் அடிச்சீங்கன்னு கேட்டா, செங்கல் சிவப்புன்னு சொல்லியிருக்கேன். நான் எங்க ஞாபகம் வெச்சுக்கறது? ரெண்டு வாரம் கழிச்சுப் பேச்சு வாக்குல காப்பி கலர்னு உளறிட்டேன். அன்னிக்குச் செங்கல் சிவப்புன்னு சொன்னீங்களேப்பான்னா. மாட்டிக்கிட்டேன்னு நெனைச்சேன். சிவப்புக்கு மேலதாம்மா காப்பி அடிச்சேன், கொஞ்சம் மங்கலா இருக்கட்டும்னுன்னு சமாளிச்சேன். அதுவும் நல்லா இருக்கும்ப்பான்னா. நல்லாப் பாருங்க, செதிலு செதிலா அடியில சிவப்பு தெரியுது, மேல காப்பி. என் பொய்க்காக அந்தப் புள்ள மறுபடி உக்காந்து ஒவ்வொரு செதிலுக்கா திருத்தியிருக்கு. கையில ஊசியோட.

இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். தண்ணி வேணாம்.

அதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கும்மா, அதைத்தான் யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னும் தெரியல. நான் இருக்குற ஊரு இங்கேருந்து பஸ்ல நாலு மணி நேரம். அவளைப் பாக்க வந்தேன், ஒரு தடவை வந்தேன். புக்கு எங்கப்பான்னு கேட்டா, மறந்துட்டேன்னேன். ரெண்டாவது தடவையும் மறந்துட்டேன்னேன். அடுத்த தடவை கண்டிப்பா எடுத்துட்டு வாங்க, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், நர்ஸுகிட்டயும் காட்டணும்னா. மூணாவது தடவை என்னன்னு சொல்லி வர்றது? மழைன்னேன். முட்டி வலின்னேன். பஸ் ஓடலன்னுகூடச் சொன்னேன். அவங்கம்மா இங்கயே வந்து தங்கி அவளைப் பாத்துக்கிட்டா. நான் ரெண்டு மாசமா வரல. ரெண்டு மாசம்! பொண்ணைப் பாக்க வேணாம்னா? பாக்காம உசுரு துடிச்சுது. வெறும் புக்கோட எப்படிப் போறதுன்னு வெக்கம். இந்த வாரம் நாலு பக்கம், அடுத்த வாரம் நாலு பக்கம்னு அடிச்சு முடிச்சுட்டு ராஜா மாதிரி போகலாம்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன். நாள்தான் ஓடுச்சு, நான் ஒரு கோடுகூடப் போடல.

அடிச்சிருக்கலாம்தான். யாரு இல்லன்னா? பென்சிலு நாலு வீடு தள்ளிக் கடையில கெடைக்குது. எனக்கு இன்னும் நாள் இருக்குன்னு நெனைச்சேன்.

இன்னிக்குக் காலைல மாப்பிள்ளை போன் பண்ணாரு. மாமா, வர்றப்போ உங்க புக்கையும் எடுத்துட்டு வாங்க, ரெண்டையும் ஒண்ணா வைக்கணும்னு அவ சொல்லியிருக்கான்னாரு. மறக்காம எடுத்துட்டு வந்தேன், பாத்தீங்களா. மத்தியானம் என் வீட்டுக்காரி பையிலேருந்து எடுத்துப் புரட்டினா. மூடி என் கையிலயே குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டா. திட்டியிருந்தா தாங்கிட்டிருப்பேன். அதான், அவ புக்கையும் எடுத்துக்கிட்டு யாருக்கும் தெரியாம கெளம்பி வந்துட்டேன்.

நீங்க சொல்றது புரியுதும்மா. முப்பத்தியோரு பக்கம் ஒரு நாள்ல ஆகாதுதான். ஒரு பக்கத்துக்கே அவளுக்கு மூணு மணி நேரம் ஆகும். எவ்வளவு முடியுதோ அவ்வளவு. இல்லம்மா, நீங்க பாதி அடிக்க வேணாம், நல்ல மனசு உங்களுக்கு. என் கைதான் அடிக்கணும். மோசமா இருந்தாலும் பரவாயில்ல.

அவகிட்ட உண்மையைச் சொல்லிடறதா? சொன்னா சிரிப்பா, கோவிச்சுக்கமாட்டா, அதெல்லாம் எனக்கும் தெரியும். விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. மார்க் ஷீட்ல கையெழுத்துப் போட்ட பொண்ணும்மா அவ, பொய்யைப் பத்தி அவளுக்குத் தெரியாததா?

நாளைக்கு வேணாம், அடுத்த வாரம் குடுக்கலாம்னு சொல்றீங்க. முடியாதும்மா. வெளிநாட்டுல இருக்குற எம் பையன் ராத்திரி வந்துடுவான், அவனுக்காகத்தான் வெச்சிருக்கோம். காலைல பத்து மணிக்கு அவளை எடுக்கறோம். ரெண்டு புக்கும் அவகூடப் போகணும்னு எழுதி வெச்சிருக்கா.

அய்யோ, நீங்க அழாதீங்கம்மா. காலைல ஆறே காலுக்கு. தூக்கத்துலதான்னு சொன்னாங்க.

யாரும் தொறந்து பாக்கப் போறதில்ல, எனக்குத் தெரியும். இருந்தாலும் வெறும் புக்கை எப்படிம்மா அவ கையில குடுத்து அனுப்புவேன்? வீட்டுல உக்கார எடமில்ல, முழுக்க ஜனம், எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க. அந்த மேஜை ஓரத்துல நான் கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா? உங்க வியாபாரத்துக்கு எடஞ்சலா இருக்கமாட்டேன். கடை எத்தனை மணிக்கும்மா மூடுவீங்க?